விறகு சுமந்தது யார்

நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று நர்ஸ் ஜோலின் சொன்னபோதே எல்மா காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். நர்ஸ்கள் சொல்லும் நல்ல செய்திகளை அவள் அவ்வளவாக நம்புவதில்லை. இதய ஆபரேஷன் முடிந்து புருஷன் ரெய்னோவை முதல் தடவை வீட்டுக்கு அனுப்பியபோதும் ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி என்றுதான் சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவருக்குக் காலில் நீர் ஏறி, மூச்சு இழுத்து, மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று.

"மிஸ்டர் கார்வி எவ்வளவோ தேறிட்டார்," என்றாள் ஜோலின், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே. "இனிமே நாங்க வீட்டுக்கு வரவேண்டியதில்ல. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்."

ரெய்னோ சமையலறை ஜன்னலோரம் தன் நாற்காலியில், கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் வேலைபார்த்த காகித ஆலையில் மேஸ்திரி என்றைக்காவது பாராட்டினால் எப்படித் தலையசைப்பாரோ அப்படியே ஒரு அசைப்பு அசைத்தார்.

எல்மா காப்பிப் பாத்திரத்தை அடுப்பின்மேல் திரும்ப வைத்தாள். "அப்ப இதய நோயாளிங்களுக்கான அந்த ஜிம்மு? வீட்ல உடம்பைத் தேத்திட்டு அப்புறமா அங்க போகலாம்னுதானே டாக்டர் சொன்னாரு?"

"அதான் தேறிட்டாரே! நேரா ஜிம்முக்கே போகலாம். அதுக்கும் மெடிகேர் காப்பீடு பணம் குடுக்கும். விறகு சுமக்கிறவரு, பனி தள்றவரு, கார்ல ஏறிப் போகமாட்டாரா?" ஜோலின் சிரித்தாள். நல்ல பெண்தான். மாநிலத்தின் தெற்கே பிறந்து வளர்ந்தவள். இந்த ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை. "வீட்டைவிட்டு வெளிய போறதே பெரும்பாடா இருக்கறவங்களுக்குத்தான் மெடிகேர் வீட்டுக்கு நர்ஸை அனுப்பும். உங்க வீட்டுக்காரர் அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டார். சந்தோஷப்படுங்க மிஸஸ் கார்வி."

போகும்போது ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள். முடிவை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளை மதியத்துக்குள் அதிலுள்ள எண்ணுக்குக் கூப்பிடலாம், சம்பந்தமில்லாத வேறு ஆட்கள் தனியாக விசாரிப்பார்கள் என்றாள். சட்டப்படி சொல்லியாக வேண்டும், அதனால் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் கார் சாலை திரும்பி மறைந்ததும் ரெய்னோவின் தோள்கள் சரிந்தன. முகம் சாம்பல் பூத்தது. ஜோலின் எதிரில் கைத்தடி இல்லாமல் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விறைப்பாக நடந்து காட்டியிருந்தார். அப்படி நடந்து காட்டிய நாளெல்லாம் மதியம்வரை கட்டிலில் கிடப்பார். அது எல்மாவுக்குத் தெரியும். ஜோலினுக்குத் தெரியாது.

இதற்கு முன்னால் வந்துகொண்டிருந்த நர்ஸ் மார்ட்டா இந்த ஊர்க்காரி, இவர்களைப் போலவே பின்லாந்திலிருந்து வந்த குடும்பம். இந்த ஊர் ஆண்பிள்ளை "மோசமில்ல" என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், "நல்லாவே இருக்கேன்" என்றால் ஆம்புலன்ஸையே கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரெய்னோ வாய் திறப்பதற்கு முன்னாலேயே குனிந்து அவர் காலுறையைக் கழற்றிக் கணுக்காலை அழுத்திப் பார்ப்பாள். "பொய் சொல்றதுன்னா உன் காலையும் சொல்லச் சொல்லு," என்பாள். பாவம், கிறிஸ்துமஸ் சமயத்தில் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவள் இடத்துக்குத்தான் ஜோலின் வந்தாள். கேட்ட கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே எழுதிக்கொள்கிற பெண்.

ஆனால் பழியையெல்லாம் ஜோலின் தலையில் போடவும் முடியாது. வினை சவுனாவில் ஆரம்பித்தது.

இந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் மரத்தால் கட்டிய ஒரு சவுனா இருக்கும். புதன், சனி சாயங்காலங்களில் அடுப்பு மூட்டி, கல்லைச் சூடாக்கி, ஆவியில் உட்கார்ந்து குளிப்பார்கள். யார் வீட்டுப் புகைக்கூண்டில் புகை வரவில்லையோ அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ரெய்னோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் சனிக்கிழமை கார்வி வீட்டில் புகை வரவில்லை. மறுநாள் சர்ச் முடிந்ததும் அக்கம்பக்கத்தார் ஏலக்காய் மணக்கிற நிசு ரொட்டியோடு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ரெய்னோவின் கையை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபிறகு ரெய்னோ அந்த ரொட்டியைத் தொடவே இல்லை.

"பொணத்தைப் பாக்க வந்த மாதிரி வந்துட்டுப் போறானுங்க," என்றார்.

அதோடு எல்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த புதன்கிழமை கார்வி வீட்டுப் புகைக்கூண்டில் புகை வந்தது. கொட்டகையிலிருந்து விறகைச் சுமந்தவள் அவள். சாம்பலை அள்ளியவள், தண்ணீர் இறைத்து வைத்தவள், அடுப்புக்குள் சுள்ளி அடுக்கியவள் எல்லாம் அவள்தான். இருட்டத் தொடங்கியதும் ரெய்னோவைக் கம்பளியில் போர்த்தி, முன்னால் நாற்காலி வைத்த, பனியில் சறுக்கி ஓடும் தள்ளுசறுக்கில் உட்காரவைத்து, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவாள். கடைக்குப் போகவர இந்த ஊர்ப் பெண்கள் ஓட்டுகிற வண்டி அது, சாமான் வைக்கிற இடத்தில் புருஷன். சவுனா வெளியறையின் பெஞ்சில் அவரை இறக்கி உட்காரவைத்துத் தீப்பெட்டியைக் கையில் கொடுப்பாள். குச்சியைக் கிழித்துப் போடுவது மட்டும் அவர் வேலை. சூடு லேசாக ஏறினதும், டாக்டர் சொன்னபடி கதவைத் திறந்து வைத்துவிட்டு, கீழ்ப்பலகையில் கொஞ்ச நேரம் உட்காருவார். அவ்வளவுதான்.

தீக்குச்சி கிழிக்கிறபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். அதற்காக எவ்வளவு விறகு வேண்டுமானாலும் சுமக்கலாம் என்று தோன்றும்.

போன புதன்கிழமை ஜோலின் வந்தபோது பின்வாசல் தாழ்வாரத்தில் விறகு அடுக்கியிருந்தது, பாதையில் பனி தள்ளியிருந்தது. "அடேயப்பா, யார் இவ்வளவும் அடுக்கினது?" என்று கேட்டாள்.

"வேற யாரு?" என்றார் ரெய்னோ.

எல்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கை வேலையாக இருந்தவள் திரும்பிப் பார்த்து, "காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு. பனியும் அவரேதான் தள்ளினாரு. சொன்னா கேக்குற ஆளா?" என்று சொல்லிவைத்தாள். குறைபட்டுக்கொள்கிற மாதிரி, பெருமையாக. ஜோலின் பேனாவை எடுத்தாள்.

இப்போது அந்தப் பெருமை திரும்பிவந்து வாசலில் நிற்கிறது.

"ஏன்யா அவகிட்ட அப்படிச் சொன்னே?" என்று, ஜோலின் தாளை வைத்துவிட்டுப் போன அன்று ராச்சாப்பாட்டின்போது கேட்டாள்.

"நான் 'வேற யாரு'ன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். காலையிலேர்ந்து அடுக்குறாருன்னு கதை விட்டது யாரு?"

எல்மா உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினாள். ரெய்னோ சாப்பிட்டுக்கொண்டே, "நர்ஸ் இல்லாட்டி என்ன இப்ப? ஒரு பொண்ணு வந்து கையைப் புடிச்சுப் பாத்தாத்தான் என் இதயம் ஓடுமா? நேரா ஜிம்முக்குப் போறேன். முடிஞ்சுது," என்றார்.

"ஜிம்மு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. முதல்ல கார்வரைக்கும் போ, பாப்போம்."

"நாளைக்குக் காலையில போய்க் காட்டறேன்."

சொன்னபடியே மறுநாள் காலை எழுந்ததும் பூட்ஸைக் கேட்டார். எல்மா மண்டியிட்டுப் போட்டுவிட்டாள். கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, கைத்தடியை வேண்டுமென்றே சுவரில் சாய்த்துவிட்டு, முன்கதவைத் திறந்து வெளியே போனார். எல்மா கூடவே போகவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் படி இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த படி. மறுபடி நின்றார். பாதிப் படியில் அப்படியே மெல்ல உட்கார்ந்துவிட்டார். கார் கைக்கெட்டும் தூரத்தில், பனி மூடி நின்றுகொண்டிருந்தது.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மூச்சு வெள்ளையாக, சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது.

"படி வழுக்குது," என்றார்.

படியில் அன்று காலையில்தான் அவள் சாம்பல் தூவியிருந்தாள். வழுக்கவில்லை. அவரை உள்ளே கூட்டிப்போய், பூட்ஸைக் கழற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகத் தொலைபேசிக்குப் போனாள். நர்ஸ் இல்லாமல் இவருக்குத் தெம்பு வராது, தெம்பு வராமல் ஜிம்முக்குப் போக முடியாது, போகாமல் இந்த நாற்காலியிலேயே இருந்தால் மறுபடி கால் வீங்கும். டாக்டர் சொல்லியிருந்தார், இன்னொரு தடவை அப்படி வந்தால் இந்த இதயம் தாங்காது என்று. கணக்கு அவ்வளவுதான், அதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

மறுமுனையில் பேசிய பெண்மணி தன் பெயர் வெர்னா என்றாள். தெற்கத்திப் பேச்சு, நிதானமான குரல், கொஞ்சம் வயதானவளாகத்தான் இருக்க வேண்டும். விவரங்களைக் கேட்டுக்கொண்டாள்.

"நர்ஸ் எழுதினது என் முன்னாடி இருக்கு. விறகு சுமக்கிறாரு, பனி தள்றாரு, வாரத்துல ரெண்டு தடவை சவுனா மூட்டறாருன்னு போட்டிருக்கு. இதெல்லாம் பொய்யா அம்மா?"

எல்மா ரெய்னோவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்தான். விறகு சுமந்தது நான். பனி தள்ளினதும் நான். நர்ஸ்கிட்ட அவர்தான்னு சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"அவருக்கு நல்லா இருக்கட்டுமேன்னு," என்றாள் எல்மா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "எங்க ஊர்ல சவுனா மூட்ட முடியாத ஆம்பளையப் பாத்தா எல்லாரும் மெதுவாப் பேச ஆரம்பிச்சிடுவாங்க."

வெர்னா சிரிக்கவில்லை. "புரியுது. ஆனா அவர் வாயால நான் கேக்கணும். போனை அவர்கிட்டக் குடுங்க."

எல்மா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, போனை ரெய்னோவுக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. அவள் பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"பேசு."

"ஊரெல்லாம் தெரிஞ்சிடும்."

"அந்தம்மா எங்கேயோ தெற்கே உக்காந்திருக்கு, நம்ம ஊரு எந்தப் பக்கம்னே அதுக்குத் தெரியாது. நம்ம ஊருக்கு எப்பவோ தெரியும். உர்ஹோ விறகு பிளந்து போட்டுட்டுப் போறானே, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் துண்டெல்லாம் எவ்வளவு சின்னதா இருக்குன்னு பாத்தியா? உன் கைக்கா அளவெடுத்துப் பிளக்குறான்? என் கைக்கு! பனியில தள்ளுசறுக்குத் தடம், பின்னால என் பூட்ஸ் தடம். அவனுக்குக் கண்ணு இல்லையா?"

ரெய்னோ பக்கத்து வீட்டு உர்ஹோவோடு சிறுவயதிலிருந்தே மீன் பிடிக்கப் போகிறவர். அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எல்லாருக்கும் தெரியும் ரெய்னோ. யாரும் சொல்லலை, அவ்வளவுதான். இப்ப சொல்லவேண்டியது நீ ஒருத்தன்தான்."

அவள் கையை எடுத்தாள்.

"மிஸ்டர் கார்வி? இருக்கீங்களா?" என்றாள் வெர்னா. "இன்னிக்கு வீட்டைவிட்டு வெளிய போனீங்களா? போனா என்ன ஆகுது, சொல்லுங்க. அவசரமில்ல."

இவர் பேசப்போவதில்லை, போனை வைத்துவிட வேண்டியதுதான் என்று எல்மா நினைத்த நேரத்தில் ரெய்னோ பேசினார்.

"பூட்ஸு போட முடியல. குனிஞ்சா கண்ணு இருட்டுது. இவதான் மண்டி போட்டுப் போட்டுவிடறா."

"சரி."

"இன்னிக்குப் பாதிப் படியில உக்காந்துட்டேன். வழுக்குதுன்னு இவகிட்டச் சொன்னேன். வழுக்கல. மூச்சு இல்ல." கையால் வாசல் பக்கம் காட்டினார். "காரு அங்கயே நிக்குது. போக முடியல."

"அப்ப நர்ஸுக்கு முன்னாடி நடந்து காட்டினது?"

"அதுக்கு அப்புறம் படுத்துடுவேன். மத்தியானம் வரைக்கும்."

"ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?"

அந்தக் கேள்விக்கு எல்மாவே பதில் சொல்லியிருப்பாள். நன்றாகத் தூங்குகிறார், அதில் ஒரு குறையும் இல்லை. படுத்தால் அசையமாட்டார். அவளுக்குத்தானே தெரியும், ராத்திரி பூரா விழித்துக்கொண்டு அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்தானே.

"தூங்கறதில்ல," என்றார் ரெய்னோ.

எல்மா நிமிர்ந்தாள்.

"ஏன் சார்? மூச்சு முட்டுதா?"

"அதில்ல." அவர் மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். எல்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. "தூக்கத்துல நின்னுடுமோன்னு. நின்னா நின்னுட்டுப் போவுது, எனக்கு வயசாச்சு. ஆனா காலையில இவதானே பாக்கணும்? தனியா. இவ எழுந்து கூப்பிடுவா, நான் எழுந்திருக்கலேன்னா... அதனால முழிச்சுக்கிட்டே இருக்கேன். ஏதாவது ஆச்சுன்னா முன்கூட்டியே சொல்லிடலாம்ல. அசையாமப் படுத்திருப்பேன். அசைஞ்சா எழுந்துடுவா. பகலெல்லாம் ஓடியாடி வேலை செய்யறவ, ராத்திரியாவது தூங்கட்டும்."

எல்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அசைந்ததில்லை. அவர் மூச்சைக் கேட்கிறபோது தன் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரியே படுத்திருப்பாள், தான் பயப்படுவது தெரிந்தால் அவருக்கு மனது உடைந்துவிடுமே என்று. ஒரே கட்டிலில் ஒரே போர்வைக்குள் இத்தனை நாளாக இரண்டு பேரும் மரக்கட்டையாகக் கிடந்து ஒருவருக்கொருவர் தூங்குவதாகப் பாசாங்கு காட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது. அந்தக் கோபம் முழுக்க அன்புதான், அது அவளுக்கே தெரிந்தது. இதை என்னிடம் சொல்லாமல் முகம் தெரியாத ஒருத்தியிடம் போனில் சொல்கிறாயே என்று நினைத்தாள். அவளிடமாவது சொன்னாயே என்றும் நினைத்தாள்.

"உங்களைப் பாத்துக்கறது உங்க மனைவி மட்டும்தானா?" என்று கேட்டாள் வெர்னா.

"ஆமா."

"அம்மா, இருக்கீங்களா? உங்களால முடியுதா?"

முடியாமல் என்ன என்ற பதில் எல்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய பதில், அதற்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் ரெய்னோ இப்போது திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு வெறுமையாக உட்கார்ந்திருக்கிற மனுஷன் முன்னால் அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"முடியல," என்றாள். "சறுக்குவண்டி தள்ளின மறுநாள் கையைத் தூக்கமுடியல. அதுகூடப் பரவாயில்ல. இவர் கால் வீங்கியிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. தினம் பாக்கற காலு. கொஞ்சம் கொஞ்சமா ஏறினா கண்ணுக்குப் படறதில்ல. போன தடவையும் நான் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன், விட்டுட்டேன். மறுபடி விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

"அது உன் தப்பில்லடி," என்றார் ரெய்னோ. "எனக்கே தெரிஞ்சுது. செருப்பு இறுக்கமா ஆச்சு. சொல்லலை."

"சொல்லலையா?"

"சொல்லலை."

எல்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாகத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்த பழி அது. இறக்கிவைக்கவும் தெரியவில்லை, அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. போனில் விசைப்பலகை தட்டுகிற ஓசை கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றாள் வெர்னா. "மிஸ்டர் கார்வி, உங்களுக்கு என்ன வேணும்?"

"ஜிம்முக்குப் போகணும்," என்றார் ரெய்னோ உடனே. "அங்க அந்த மெஷின் மேல நடப்பாங்களாமே, அதுல நடக்கணும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வரட்டும். அவ நல்ல பொண்ணு. நான் சொன்னதை நம்பினா, அதான் அவ செஞ்ச தப்பு."

உங்கள் டாக்டரிடம் பேசுகிறேன், நாளைச் சாயங்காலத்துக்குள் தகவல் சொல்கிறேன் என்று சொல்லி வெர்னா வைத்துவிட்டாள். எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை.

எல்மா மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ராத்திரியெல்லாம் நீயும் முழிச்சிருந்தியா?" என்று கேட்டார் ரெய்னோ. அவள் முகத்திலிருந்தே கண்டுபிடித்திருந்தார்.

"பின்ன? நீ குறட்டை விடாம இருந்தா எனக்குப் பயம் வராதா?"

"நீயும் விடலையே. நானும் யோசிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது நடுவில் அழுகையாகிவிட்டது. ரெய்னோ கையை நீட்டினார். எழுந்து வர முடியாததால் நீட்டின கையோடு அப்படியே இருந்தார், அவள்தான் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, கேளு," என்றார். "ஆலையில ராத்திரியும் பகலும் மெஷினை யாராவது பாத்துக்கிட்டே இருப்போம். ஆனா ஒரே ஆளு ரெண்டு ஷிப்டும் பாத்ததில்ல. ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு பாத்தா அது முட்டாள்தனம். முறை வெச்சுக்கலாம். நீ முதல்ல தூங்கு."

"பட்டப்பகல்லயா? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"இனிமே நினைக்க என்ன மிச்சம் இருக்கு?"

அன்று மதியம், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கழுவாத பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு எல்மா படுத்தாள். ரெய்னோ முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் சாயங்காலம் அவள் விழித்திருக்க, அவர் தூங்கினார். வாயைப் பிளந்துகொண்டு, ஜன்னல் அதிரக் குறட்டை விட்டார். அவ்வளவு அழகான சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுக்கத் தகவல் வரவில்லை. எல்மா போனுக்குப் பக்கத்திலேயே நின்று மாவு பிசைந்தாள், அடுக்கினாள், பெருக்கினாள். மதியம் ஆனதும் ரெய்னோ, "உன் முறை," என்றார். தூக்கம் வராது என்று சொல்லிக்கொண்டே படுத்தவளுக்குப் போர்வையை இழுத்தது வரைதான் நினைவிருந்தது.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. ரெய்னோ வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் கை அவள் தோள்மேல் இருந்தது.

"போன் வந்துச்சு," என்றார்.

எல்மா திடுக்கிட்டு எழுந்தாள். "யாரு? என்ன சொன்னாங்க?"

"தெரியல. எடுக்கல. அடிச்சுது, அப்புறம் அந்தப் பதிவு மெஷின் ஏதோ பேசிச்சு."

"ஏன் எடுக்கல?"

"எழுந்து அவ்வளவு தூரம் போக முடியல," என்றார் ரெய்னோ, வெளியே பனி பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சாதாரணமாக. "உன்னை எழுப்பவும் மனசு வரல."

அவள் வெறுங்காலோடு சமையலறைக்கு ஓடினாள். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். வெர்னாவின் குரல் நிதானமாக வந்தது. டாக்டரிடம் பேசியாயிற்று, நர்ஸ் வருவதை இப்போது நிறுத்துவது சரியில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், அவர் காருக்கு நடந்துபோகிற நாள்வரை தொடரும், திங்கள்கிழமை ஜோலின் வருவாள் என்றது. கடைசியில், அலுவல் பேச்சை விட்டுவிட்டு, "நல்லாத் தூங்குங்க ரெண்டு பேரும்," என்றது.

எல்மா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், கால் குளிர்ந்துபோகும்வரை.

"என்னவாம்?" என்று படுக்கையறையிலிருந்து சத்தம் வந்தது.

"திங்கக்கிழமை ஜோலின் வர்றாளாம்!"

அவள் போய் வாசலில் நின்று பார்த்தபோது அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மறைக்கவில்லை. போர்வையின் அவள் பக்கத்து நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"உன் முறை இன்னும் முடியல," என்றார். "வந்து படு."